கட்டளைவரிக் கருவியின் பிழைச் செய்திகளுக்கு நிறம் சேர்த்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கட்டளைவரிக் கருவி ஒன்றை எழுதி முடித்துவிட்டீர்கள். கருவி ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் ஏதேனும் தவறு நேர்ந்தால் அது சொல்லும் செய்தி, முன்னும் பின்னும் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. அதைச் சிவப்பாக்கிவிட்டால் தீர்ந்தது என்று எல்லாருக்கும் தோன்றும். சிவப்பாக்குவதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்தச் சிவப்பு எங்கெல்லாம் தலைகாட்டக் கூடாது என்பதை முடிவு செய்வதில்தான் நேரமெல்லாம் போகிறது. இதற்கான விவரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடித் திரட்டுவதற்கு நான் பட்ட பாடு அடுத்தவருக்கு வேண்டாம் என்பதற்காக இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

விளக்கத்துக்கு ஒரே கருவியைக் கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு முன் முதியவர்களின் வீடுகளுக்குப் பரிசுப்பை கொண்டுசெல்லும் தொண்டூழியர் குழு ஒன்றிடம் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் உள்ள சிங்கப்பூர் அஞ்சல் குறியீடுகளையும் தொலைபேசி எண்களையும் சரிபார்த்துத் தவறுகளைச் சொல்வதே கருவியின் வேலை. அதை இயக்குபவர்கள் நிரலாளர்கள் அல்லர். கட்டளைகள், மாறிகள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவதாக, உங்கள் கருவி வெளியிடக்கூடிய பிழைச் செய்திகள் அனைத்தின் பட்டியல். நிரலைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை படித்து, ஒவ்வொரு செய்தியையும் ஒரு விரிதாளில் ஒரு வரியாக எழுதுங்கள். அது எப்போது தோன்றுகிறது, அதன்பின் கருவி நின்றுவிடுகிறதா, தொடர்ந்து ஓடுகிறதா என்பவற்றைப் பக்கத்திலேயே குறியுங்கள். கருவி நின்றுவிடுமானால் அது பிழை; தொடர்ந்தால் எச்சரிக்கை. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் நிறத்தில் கைவைத்தால், பாதி வழியில் எது சிவப்பு, எது மஞ்சள் என்ற குழப்பம் வந்தே தீரும்.

இரண்டாவதாக, அலுவலகக் கருவியாக இருந்தால் எழுத்து வடிவிலான அனுமதி. வெளியார் எழுதிய நிரல் நூலகத்தைச் சேர்ப்பதற்குப் பல நிறுவனங்களில் தனி ஒப்புதல் தேவை; அது கிடைக்க ஒரு வாரம்கூட ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். நூலகத்தின் பெயர், பதிப்பு எண், உரிம வகை ஆகிய மூன்றையும் பெரும்பாலும் கேட்பார்கள். நிறம் சேர்க்கும் நூலகங்களில், பைத்தானுக்கான ரிச், நோடுக்கான (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் தளம்) சாக் ஆகிய இரண்டும் எம்ஐடி உரிமத்தில் வருகின்றன; கலராமா பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது. கருவியைப் பொதுவெளியில் வெளியிடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊழியர் தம் வேலையின் பகுதியாக உருவாக்குவதன் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முதலாளிக்கே உரியது.

மூன்றாவதாக, சோதித்துப் பார்க்கக் குறைந்தது இரண்டு வகைக் கணினிகள். மேக் அல்லது லினக்ஸ் ஒன்று, விண்டோஸ் ஒன்று. விண்டோஸ் இல்லாதவர்கள் நண்பரிடம் ஒரு பிற்பகல் இரவல் வாங்கினாலும் போதும்.

செலவைப் பொறுத்தவரை ஒரு வெள்ளிகூடத் தேவையில்லை. டெர்மினல்களும் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரங்கள்) நூலகங்களும் இலவசம். தானியங்கிச் சோதனைக்குக் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸைப் பயன்படுத்துவோர், பொதுவெளியில் உள்ள நிரல் களஞ்சியமாக இருந்தால் அதன் வழக்கமான இயந்திரங்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. இலவசக் கணக்கில் உள்ள தனிப்பட்ட களஞ்சியங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 2,000 நிமிடங்கள் கிடைக்கும். நேரம் வேறு கதை. நிறம் சேர்க்கும் நிரலை ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். செய்திகளைத் திருத்தி எழுத ஒரு மாலைப் பொழுதையும், சோதனைக்கு ஒரு முழு நாளையும் ஒதுக்குங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

2. நிறத்துக்கு முன் சொற்களைச் சரிசெய்யுங்கள்

தெளிவில்லாத செய்தியைச் சிவப்பாக்கினால் அது தெளிவில்லாத சிவப்புச் செய்தியாகத்தான் இருக்கும். எடுத்துக்காட்டுக் கருவி முதலில் சொன்னது இது:

தவறான மதிப்பு: 79903

இதைப் படிக்கும் தொண்டூழியருக்கு எந்த வரிசையில் தவறு, எந்தப் பத்தியில் தவறு, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுமே தெரியாது. திருத்திய வடிவம்:

பிழை: வரிசை 42, பத்தி 'அஞ்சல் குறியீடு': 79903 என்பதில் 5 இலக்கங்களே உள்ளன, 6 வேண்டும்.
குறிப்பு: முதலில் இருந்த 0 விடுபட்டிருக்கலாம். விரிதாளில் அந்தப் பத்தியின் வகையை 'உரை' என மாற்றிவிட்டு மீண்டும் உள்ளிடுங்கள்.

சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடுகள் ஆறு இலக்கம் கொண்டவை. ராஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் போன்ற நகர மையப் பகுதிகளின் குறியீடுகள் 0இல் தொடங்குகின்றன. விரிதாள் மென்பொருள் அவற்றை எண்ணாகக் கருதி முதல் 0வை விழுங்கிவிடும். பட்டியலில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்தால் வருவது; ஆகவே அந்தக் காரணத்தையே செய்தி சொல்லிவிட வேண்டும். உங்கள் கருவியிலும் இப்படி அடிக்கடி வரும் பிழை ஒன்றிரண்டு இருக்கும். மற்றவற்றைவிட அவற்றின் சொற்களுக்கு அதிக நேரம் செலவிடுங்கள்.

'பிழை:', 'எச்சரிக்கை:' என்ற தொடக்கச் சொற்களை எந்த நிலையிலும் நீக்காதீர்கள். நிறம் வந்துவிட்டதே, இனி இந்தச் சொல் எதற்கு என்று நினைப்பது பெரிய பொறி. நிறம் தெரியாத இடங்கள் பல உண்டு. அங்கே அந்தச் சொல்தான் வேலையைச் செய்யும்.

செய்தியில் எவ்வளவு காட்டலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பிழைச் செய்தி திரையோடு நிற்பதில்லை. உதவி கேட்பவர்கள் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். எனவே வரிசை எண்ணையும் பத்தியின் பெயரையும் காட்டுங்கள். முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் காட்டாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ள நாட்டில், சிவப்பு எழுத்தில் ஒருவரின் அடையாள அட்டை எண்ணைப் பளிச்சென்று காட்டும் கருவியை யாரும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

3. செய்தியை உரிய வழியில் அனுப்புங்கள்

எந்தக் கட்டளைவரி நிரலுக்கும் வெளியீட்டு வழிகள் இரண்டு. எண் 1 வழக்கமான வெளியீடு. எண் 2 பிழை வெளியீடு. திரையில் இரண்டும் ஒன்றாகக் கலந்தே தெரிவதால் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கருவியின் விளைவு, அதாவது சரிபார்க்கப்பட்ட பட்டியல், எண் 1 வழியாகச் செல்ல வேண்டும். பிழையும் எச்சரிக்கையும் எண் 2 வழியாகச் செல்ல வேண்டும். அப்போதுதான் பயனர் விளைவை மட்டும் ஒரு கோப்பில் சேமிக்கும்போது பிழைகள் அதில் கலக்காமல் திரையில் தெரியும்.

பைத்தானில் பிரிண்ட் செயற்கூறு இயல்பாக எண் 1க்கே எழுதும். பிழைக்கு ஃபைல் என்ற அளபுருவில் சிஸ்.எஸ்டிடிஎரர் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நோடில் கன்சோல்.எரர் எண் 2க்கு எழுதுகிறது. கருவி பிழையோடு முடியும்போது 0 அல்லாத வெளியேற்றக் குறியீட்டையும் தர மறக்காதீர்கள். கருவியை வேறொரு நிரல் அழைக்கும்போது அது நிறத்தையோ சொல்லையோ பார்ப்பதில்லை, அந்த எண்ணை மட்டுமே பார்க்கிறது.

4. நிறக் குறியீடுகளை ஒரே இடத்தில் வையுங்கள்

டெர்மினலுக்கு நிறத்தைச் சொல்லும் முறை எளிது. முதலில் எஸ்கேப் எழுத்து; அதன் குறி எண் 27. அடுத்து [ என்ற சதுர அடைப்பு. அடுத்து ஓர் எண். கடைசியில் சிறிய எம் எழுத்து. எண் 31 ஆனால் சிவப்பு, 33 ஆனால் மஞ்சள், 36 ஆனால் நீலப்பச்சை. 1 தடித்த எழுத்து. இரண்டைச் சேர்க்க அரைப்புள்ளி இடுங்கள்: 1;31 என்றால் தடித்த சிவப்பு. எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர 0.

இந்த எண்களை நிரல் முழுவதும் தூவிவிடாதீர்கள். 'நிறமிடு' என்று ஒரே செயற்கூறு எழுதுங்கள். உரையையும் நிறத்தின் பெயரையும் அது பெற்றுக்கொள்ளட்டும்; நிறம் அனுமதிக்கப்பட்டிருந்தால் முன்னே தொடக்கக் குறியீட்டையும் பின்னே 0 குறியீட்டையும் சேர்த்துத் தரட்டும்; அனுமதி இல்லையென்றால் உரையை வந்தபடியே திருப்பித் தரட்டும். அடுத்த படிகளில் வரும் முடிவுகள் எல்லாம் இந்த ஒரே வாயிலில் நிற்கும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. 0 குறியீட்டை வரி முறிவுக்கு முன்பே இடுங்கள்; பின்னால் இட்டால், பின்னணி நிறம் பயன்படுத்தும்போது அடுத்த வரியின் வெற்றிடத்துக்கும் அந்த நிறம் பரவக்கூடும். செய்தி பல வரிகளாக இருந்தால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே திறந்து மூடுங்கள். ஒரு வரியை மட்டும் வடிகட்டி எடுப்பவருக்கு மூடாத நிறம் கிடைக்கக் கூடாது. மூன்றாவது, நிறமிட்ட உரையின் நீளத்தை அளந்து பத்திகளை ஒழுங்குபடுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளும் அந்த நீளத்தில் சேர்ந்துவிடுவதால் பத்திகள் கோணலாகும். முதலில் இடைவெளி நிரப்பி அகலத்தைச் சரிசெய்யுங்கள். நிறமிடுவது அதற்குப் பிறகு.

நூலகம் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். பிழைச் செய்திக்கு மட்டும்தான் நிறம் என்றால், சொந்தமாக எழுதும் பதினைந்து வரிகளே போதும் என்பேன். நிறம் போன்ற சின்ன வேலைக்காகச் சேர்த்த நூலகங்கள் பெரிய தொல்லைக்கு வாயிலாகியிருக்கின்றன. 2022 சனவரியில் நோடு உலகில் பரவலாகப் பயன்பட்ட கலர்ஸ் என்ற நூலகத்தில் அதன் ஆசிரியரே முடிவில்லாச் சுழலைச் சேர்த்து வெளியிட்டார். அதை நம்பியிருந்த கருவிகள் திரையில் குப்பையைக் கொட்டி நின்றன. 2025 செப்டம்பரில் சாக் உள்ளிட்ட பல நூலகங்களைப் பராமரித்தவரின் கணக்கு ஏமாற்று மின்னஞ்சலால் பறிபோனது. தீங்கு செய்யும் பதிப்புகள் அதன்வழி வெளியாயின. நூலகம் தேவைதான் என்றால் பதிப்பு எண்ணைப் பூட்டிவையுங்கள். நோடின் அண்மைப் பதிப்புகளில் யூட்டில் தொகுதியிலேயே ஸ்டைல்டெக்ஸ்ட் என்ற செயற்கூறு இருக்கிறது. வெளிநூலகம் இல்லாமலே வேலை முடியும்.

5. எப்போது நிறம், எப்போது கூடாது

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது, நிதானமாகப் படியுங்கள்.

டெர்மினலில் சிவப்பாகத் தெரியும் அதே வரியை ஒரு கோப்பில் சேமித்துத் திறந்தால், 'பிழை' என்ற சொல்லுக்கு முன் [31 என்றும் பின் [0 என்றும் தொடங்கும் குப்பை எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில் தானாக ஓடும் கிரான் வேலையின் மின்னஞ்சலிலும் இதே குப்பை வரும். இதைத் தவிர்க்க, எழுதும் வழியின் மறுமுனையில் டெர்மினல் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலான மொழிகளில் இதற்கு இஸ்ஏடிடிஒய் என்ற செயற்கூறு அல்லது அதை ஒத்த ஒன்று உண்டு.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். பிழைகள் எண் 2 வழியே செல்வதால் கேள்வியையும் எண் 2இடமே கேட்க வேண்டும். எண் 1இடம் கேட்டால் இரண்டு விதமாகவும் தவறும். பயனர் விளைவைப் பைப் வழியாக, நீண்ட உரையைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் கட்டளைக்கு அனுப்பினால், எண் 1 டெர்மினல் அல்ல என்று பதில் வரும். திரையில் தெரியும் பிழைகள் காரணமின்றி நிறமிழக்கும். பயனர் பிழைகளை மட்டும் கோப்புக்குத் திருப்பினால், எண் 1 டெர்மினல்தான் என்று பதில் வரும். கோப்பு முழுவதும் குப்பையாகும். சில நூலகங்களும் இயல்பாக எண் 1ஐத்தான் பார்க்கின்றன. சாக் நூலகத்தில் பிழை வெளியீட்டுக்கென்று தனிப் பொருள் ஒன்று உண்டு. அதைத்தான் எடுக்க வேண்டும். கோ மொழியில் பரவலாகப் புழங்கும் ஃபாத்தி கலர் நூலகமும் எண் 1ஐ வைத்தே முடிவெடுக்கிறது. பைத்தானின் ரிச் நூலகத்தில் கன்சோலை உருவாக்கும்போதே எஸ்டிடிஎரர் என்ற அளபுருவை உண்மை எனக் கொடுத்துவிடுங்கள்.

டெர்மினலா இல்லையா என்பது மட்டும் போதாது. பயனரின் விருப்பமும் உண்டு. கீழ்க்காணும் வரிசையில் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நிறுத்துங்கள்.

அ. பயனர் கட்டளையிலேயே --கலர் என்ற தெரிவைக் கொடுத்திருந்தால் அதுவே இறுதி. ஆல்வேஸ், நெவர், ஆட்டோ என்று மூன்று மதிப்புகளை ஏற்றுக்கொள்ளுங்கள். கிரெப் போன்ற பழைய கருவிகளில் பழகியவர்களுக்கு இவை உடனே புரியும். ஆட்டோ என்றால் அடுத்த வரிகளுக்குச் செல்லுங்கள்.

ஆ. நோ_கலர் என்ற சூழல் மாறி (கருவிக்கு வெளியே, கணினியின் சூழலில் பயனர் வைக்கும் அமைப்பு) இருந்து, அது வெற்று உரையாக இல்லாவிட்டால், நிறம் கூடாது. 2017இல் முன்வைக்கப்பட்டுப் பல கருவிகள் ஏற்றுக்கொண்ட வழக்கம் இது. மாறியின் மதிப்பு என்ன என்பதைப் பார்க்கக் கூடாது. மதிப்பு 0 என்று இருந்தாலும் நிறம் கூடாது என்றே பொருள். 0 என்றால் 'இல்லை' என்று நிரலாளர் மனம் தானாக எடுத்துக்கொள்ளும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இ. ஃபோர்ஸ்_கலர் என்ற மாறி இருந்தால் நிறம் உண்டு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற தானியங்கி இயக்கங்களில் வெளியீடு டெர்மினலுக்குச் செல்வதில்லை, ஆனால் அவற்றின் பதிவுப் பக்கம் நிறக் குறியீடுகளைப் புரிந்துகொண்டு காட்டும். அங்கே சிவப்பு வேண்டுமென்றால் இயக்கக் கோப்பில் இந்த மாறிக்கு 1 என்று மதிப்பிடுங்கள்.

ஈ. டெர்ம் என்ற மாறியின் மதிப்பு டம்ப் (dumb) என்றிருந்தால் நிறம் கூடாது; நிறக் குறியீடுகளைப் புரிந்துகொள்ளாத டெர்மினல் என்று அதற்குப் பொருள்.

உ. எஞ்சிய எல்லா நிலைகளிலும் எண் 2 டெர்மினலா என்ற கேள்வியின் பதிலே முடிவு.

பைத்தான் 3.13 முதல் அந்த மொழியே தன் பிழைத் தடங்களை (பிழை நிரலின் எந்த வரிகள் வழியே வந்தது என்ற பட்டியல்) இயல்பாக நிறத்தில் காட்டுகிறது. அதுவும் நோ_கலர், ஃபோர்ஸ்_கலர் இரண்டையும் மதிக்கிறது. இரண்டு மாறிகளும் ஒரே நேரத்தில் இருந்தால் எது வெல்லும் என்பதில் கருவிக்குக் கருவி வழக்கம் மாறுகிறது. 'வேண்டாம்' என்று சொன்னவரை மதிப்பதே முறை என்பதால் நான் நோ_கலரை முன்னே வைத்திருக்கிறேன். நீங்கள் மாற்றி வைத்தால் அதை உதவிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

ஜேசன் வடிவில் வெளியிடும் தெரிவு உங்கள் கருவியில் இருந்தால், அந்த வெளியீட்டில் --கலர் ஆல்வேஸ் என்று சொன்னாலும் நிறக் குறியீட்டைச் சேர்க்காதீர்கள். அதைப் படிக்கப்போவது மற்றொரு நிரல்.

6. விண்டோஸுக்கான கூடுதல் வேலை

விண்டோஸ் 10க்கு முந்தைய பதிப்புகளின் கன்சோல் சாளரம் இந்தக் குறியீடுகளை அறியாது. விண்டோஸ் 10இல் வசதி வந்தது, ஆனால் பழைய கன்சோல் சாளரத்தில் நிரல்தான் அதை இயக்கிவிட வேண்டும்: செட்கன்சோல்மோட் என்ற அழைப்பில், மெய்நிகர் டெர்மினல் செயலாக்கத்துக்கான 4 என்ற கொடியை ஏற்கெனவே உள்ள மதிப்போடு சேர்க்க வேண்டும். பைத்தானில் இதைக் கையால் எழுத வேண்டாம். கலராமா 0.4.6 பதிப்பில் ஜஸ்ட்_ஃபிக்ஸ்_விண்டோஸ்_கன்சோல் என்ற செயற்கூறு வந்தது. தொடக்கத்தில் ஒருமுறை அழைத்தால் போதும், மற்ற இயங்குதளங்களில் அது ஒன்றும் செய்யாது.

தமிழில் செய்தி எழுதுவோருக்கு விண்டோஸில் இன்னொரு தடை. பிழை வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போது, பைத்தான் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். இங்குள்ள பெரும்பாலான கணினிகளில் அது தமிழ் எழுத்துகள் இல்லாத மேற்கத்தியக் குறியாக்கமாகவே இருக்கும். அப்போது 'பிழை' என்ற சொல் சாய்கோடும் எண்களும் கலந்த வரியாக மாறிக் கோப்பில் விழும். பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறிக்கு 1 என மதிப்பிட்டுக் கருவியை இயக்கினால் இது தீரும். தொண்டூழியர்களிடம் மாறி, மதிப்பு என்றெல்லாம் விளக்க முடியாது. அந்த வரியையும் கருவியை அழைக்கும் வரியையும் சேர்த்து ஒரு பேட்ச் கோப்பாகக் கொடுத்துவிடுங்கள்.

7. எந்த நிறம்

30 முதல் 37 வரையுள்ள அடிப்படை நிறங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றின் உண்மையான சாயலைப் பயனரின் டெர்மினல் அமைப்பு தீர்மானிக்கிறது. தம் கண்ணுக்கு ஏற்ற சிவப்பை அவரே தேர்ந்திருப்பார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட நிறங்களிலிருந்து நீங்களே ஒரு சாயலைத் திணித்தால், அவருடைய பின்னணியில் அது தெரியுமா என்பதற்கு உறுதி இல்லை. எல்லா டெர்மினல்களும் அந்த முறையை ஏற்பதும் இல்லை.

மஞ்சள் வெள்ளைப் பின்னணியில் மறைந்துபோகும். கரும் நீலமான 34, கறுப்புப் பின்னணியில் படிக்கவே முடியாது. மங்கிய சாம்பலான 90 இன்னும் மோசம்: பலர் விரும்பும் சோலரைஸ்டு என்ற கருந்திரை அமைப்பில் அந்த எண்ணின் நிறமும் பின்னணி நிறமும் ஒன்றே, குறிப்பு வரி முற்றிலும் காணாமல் போகும். ஆகவே செய்தி முழுவதையும் நிறமிடாதீர்கள். 'பிழை:' என்ற தொடக்கச் சொல்லை மட்டும் தடித்த சிவப்பாக்குங்கள். 'எச்சரிக்கை:' என்பதை மட்டும் மஞ்சளாக்குங்கள். பின்வரும் சொற்றொடரைப் பயனரின் இயல்பு நிறத்திலேயே விட்டுவிடுங்கள். நிறம் தெரியாமல் போனாலும் செய்தியின் உடல் தெரியும்.

பிழைக்குச் சிவப்பும் வெற்றிக்குப் பச்சையும் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது பெருந்தவறு. சிவப்பு, பச்சை வேறுபாட்டைக் காண்பதில் குறையுள்ளவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினர். ஆசியர்களிடையே இந்த அளவு குறைவு என்றாலும், ஒரு தொண்டூழியர் குழுவில் அப்படி ஒருவர் இருப்பது இயல்பே. தகவலை நிறத்தால் மட்டும் உணர்த்தக் கூடாது என்று இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள் சொல்வதும் இவர்களை மனத்தில் வைத்துத்தான்.

8. தமிழ்ச் செய்திகளில் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதியைப் பார்க்க முடியாது. நமக்கோ இது அன்றாடச் சிக்கல்.

தமிழில் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவது கணினிக்குப் பல குறிகளாக இருக்கும். 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். 'பிழை' என்ற சொல்லில் நாம் காண்பது இரண்டு எழுத்துகள். கணினி எண்ணுவது நான்கு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அது பன்னிரண்டு பைட்டுகள். பயனர் கொடுத்த மதிப்பில் தவறான எழுத்தை மட்டும் சிவப்பாக்க முயன்று, குறியீட்டை ககரத்துக்கும் இகரக் குறிக்கும் நடுவே செருகினால், உயிர்க்குறி தன் மெய்யைப் பிரிந்து புள்ளி வட்டத்தில் தொங்கும். நீண்ட பெயரை இருபது குறிகளில் வெட்டினாலும் இதே நிலைதான். வெட்டுவதும் நிறமிடுவதும் முழுச் சொல்லின் எல்லையில் நடக்கட்டும். எழுத்தளவில்தான் வேண்டுமென்றால், யூனிகோடின் எழுத்துக்கூட்ட எல்லைகளை அறிந்த நூலகத்தைப் பயன்படுத்துங்கள். பைத்தானின் ரெஜெக்ஸ் நூலகத்தில் \எக்ஸ் என்ற பெரிய எழுத்துக் குறி அதைச் செய்கிறது. பைத்தானோடு வரும் ஆர்இ தொகுதியில் அந்த வசதி இல்லை.

பத்தி அகலமும் இப்படியே. தமிழ் எழுத்துகளின் அகலத்தை ஒவ்வொரு டெர்மினலும் ஒவ்வொரு விதமாகக் கணிக்கிறது. சில டெர்மினல்கள் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைப்பதே இல்லை. தவறான எழுத்துக்கு நேர் கீழே ^ என்ற குறியிட்டுச் சுட்டும் அழகு ஆங்கிலத்தில் எடுபடும். தமிழில் அது வேறோர் எழுத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அதை விட்டுவிட்டு, '3ஆவது எழுத்து' என்று சொல்லால் சொல்லுங்கள்.

9. பயனர் தந்ததை அப்படியே திரையில் எழுதாதீர்கள்

பிழைச் செய்தியில் கோப்பின் பெயரையோ பட்டியலின் மதிப்பையோ எடுத்துக்காட்டுவோம். அந்த மதிப்புக்குள்ளேயே எஸ்கேப் எழுத்து இருந்தால், டெர்மினல் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: திரையைத் துடைக்கலாம், சாளரத்தின் தலைப்பை மாற்றலாம், உண்மையான பிழையை மறைத்துப் பச்சை நிறத்தில் 'எல்லாம் சரி' என்றும் எழுதலாம். வெளியார் அனுப்பும் பட்டியலைப் படிக்கும் எந்தக் கருவிக்கும் இந்த ஆபத்து உண்டு. குறி எண் 32க்குக் கீழுள்ள கட்டுப்பாட்டு எழுத்துகள், 127, 128 முதல் 159 வரையுள்ளவை ஆகிய அனைத்தையும் கண்ணுக்குத் தெரியும் மாற்றுக் குறியாக மாற்றிய பிறகே செய்தியில் சேருங்கள். நிறமிடுவதற்கு முன்பு இதைச் செய்ய வேண்டும். பின்பு செய்தால் நீங்கள் சேர்த்த நிறமும் போய்விடும்.

10. சோதனையும் வெளியீடும்

கீழ்க்காணும் சூழல்கள் ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே தவறான பட்டியல் ஒன்றைக் கொடுத்து இயக்குங்கள்: சாதாரணமாக டெர்மினலில், விளைவை மட்டும் கோப்புக்குத் திருப்பி, பிழையை மட்டும் கோப்புக்குத் திருப்பி, நோ_கலர் இட்டு, ஃபோர்ஸ்_கலர் இட்டுப் பிழையைக் கோப்புக்குத் திருப்பி, வெள்ளைப் பின்னணியில் ஒருமுறை, கறுப்புப் பின்னணியில் ஒருமுறை, விண்டோஸின் பழைய கன்சோலில். கோப்பில் குறியீடு கலந்திருக்கிறதா என்று பார்க்க, கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளையை -வி தெரிவோடு இயக்குங்கள்; எஸ்கேப் எழுத்து அங்கே ^[ என்று வெளிப்படையாகத் தெரியும். வெறும் கேட் போதாது, ஏனென்றால் அது குறியீட்டை டெர்மினலிடம் கொடுத்துவிடும்; உங்களுக்கு அழகான சிவப்பு மட்டுமே தெரியும்.

தானியங்கிச் சோதனையில் டெர்மினல் இருக்காது என்பதால், நிறமில்லாத பாதை மட்டுமே சோதிக்கப்பட்டுவிடும். நிறமுள்ள பாதைக்கு --கலர் ஆல்வேஸ் கொடுத்துத் தனிச் சோதனை எழுதுங்கள். ஆட்டோ நிலையைச் சோதிக்க லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள ஸ்கிரிப்ட் என்ற கட்டளை போலி டெர்மினல் ஒன்றை உருவாக்கித் தரும். இரண்டிலும் அதன் தெரிவுகள் வேறுபடுவதால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் அப்படியே ஒட்டாதீர்கள்.

வெளியிடும்போது மூன்று ஆவணங்களைத் திருத்த வேண்டும். உதவிப் பக்கத்தில் --கலர் தெரிவும் இரண்டு சூழல் மாறிகளும் இடம்பெறட்டும். மாற்றப் பதிவேட்டில், பிழைகள் எண் 1இலிருந்து எண் 2க்கு மாறியிருந்தால், அதை முதல் வரியாக எழுதுங்கள்; உங்கள் கருவியின் வெளியீட்டை வடிகட்டி வேறு வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கு நிறத்தைவிட அந்த மாற்றமே பெரியது. அறிமுகக் கோப்பில் படம் இணைப்பதானால், நிறமுள்ள படத்தின் கீழே செய்தியை உரையாகவும் எழுதுங்கள், தேடுபவர்களுக்கு அது கிடைக்கும்.

இவை முடிந்தபின் கருவியை எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், முதலில் ஒரே ஒருவரிடம் கொடுத்து, அவருடைய சொந்தக் கணினியில், அவருடைய சொந்த டெர்மினல் அமைப்பில் ஒரு வாரம் ஓடவிடுங்கள். தீபாவளிப் பட்டியல் போன்ற காலக்கெடு உள்ள வேலையாக இருந்தால், அந்த ஒரு வாரம் கெடுவுக்கு முன்பே முடியும்படி நாள் குறித்துக்கொள்ளுங்கள்.